ஓராண்டுச் சம்பளமும் ஒரு தலைமுறைப் பெருமையும்

அமெரிக்காவில் அப்பன் சம்பாத்தியம் பிள்ளையின் தலையெழுத்தைத் தீர்மானிப்பதில்லை என்று சென்ற இதழில் தீர்ப்பெழுதிய நண்பர், பொருளியலாளர்கள் கேரி பெக்கரையும் நைஜல் டோம்ஸையும் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார். தந்தையரின் வருமான இடைவெளி மகன்களிடம் எவ்வளவு தொடர்கிறது என்று சொல்லும் நெகிழ்ச்சி எண், 1986இல் அவர்கள் முன்வைத்தபடி, ஏறத்தாழ 0.2, 1992இல் பெக்கருக்கு நோபல் பரிசு, ஆகவே வழக்கு முடிந்தது! அதே 1992இல் இன்னொரு பொருளியலாளர் கேரி சோலன் அந்த எண்ணை என்ன பாடு படுத்தினார் என்பதை நண்பர் படிக்கவில்லையா, படித்துவிட்டுப் பரணில் போட்டாரா?

ஓராண்டுச் சம்பளத்தில் ஆட்குறைப்பும் ஓவர்டைமும் போனஸும் ஞாபகப் பிசகும் கலந்திருக்கும். அதை வாழ்நாள் வருமானமாகப் பாவித்தால் தந்தை-மகன் உறவு கணக்கில் நீர்த்துத்தான் தெரியும். சோலன் பல ஆண்டுகளின் சராசரியை எடுத்ததும் எண் 0.4ஐத் தொட்டது. 2005இல் பொருளியலாளர் பாஷ்கர் மஜும்தார், அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புப் பதிவேடுகளில் 16 ஆண்டுகள் வரை சராசரி கண்டபோது 0.6. ஆடியது தராசு, சமூகமே அசைந்துவிட்டதாக நண்பர் கூத்தாடுகிறார். மற்றவனைவிடப் பத்து மடங்கு சம்பாதித்தவனின் மகன், 0.2 என்றால் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே நிற்பான், 0.6 என்றால் நான்கு மடங்கு. இது தசமப் புள்ளிச் சில்லறையா?

மகனையாவது நண்பர் நேராக அளந்தாரா என்றால், அவனை இருபத்தைந்து வயதில் பிடித்து நிறுத்துகிறார். அந்த வயதில் மருத்துவம் படிக்கும் மருத்துவர் மகனைவிட, கிடங்கில் மூட்டை தூக்கும் காவலாளி மகன் பணக்காரன்தான்! பொருளியலாளர் ஹைடரும் சோலனும் 2006இல் நாற்பதை ஒட்டிய வயதைப் பார்க்கச் சொன்னது இதனால்தான்.

வருமானமே இல்லாதவர்களை நண்பர் கழித்துக்கட்டிய லாகவம் தனி ரகம். நெகிழ்ச்சியை மடக்கையில்தான் கணக்கிடுகிறார்கள்; சுழியத்துக்கு மடக்கை கிடையாது, சரி. அதற்காக ஆளே கிடையாதா? 2014இல் பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவினர், அப்படிப்பட்ட பிள்ளைகளை விட்டுவிட்டபோது 0.344, அவர்களுக்கு ஒரு டாலர் என்று எழுதியபோது 0.618. இந்தத் தள்ளாட்டத்தைப் பார்த்துத்தான் அவர்கள், தொகைக்குப் பதிலாக வருமான வரிசையில் உள்ள இடத்தை ஒப்பிடும் தரவரிசை முறைக்கு மாறினார்கள். நண்பரோ தனக்கு வசதியான எண்ணோடு வீடு திரும்பிவிட்டார்.

திறமை ரத்தத்தில் வருவது, ஏழைப் பள்ளிக்குக் கொட்டுவது வீண் என்றும் கட்டுரையின் நடுவே ஓரிடத்தில் அருளியிருக்கிறார். ரத்தம் அவ்வளவு வலியது என்றால் 0.2 எங்கிருந்து வந்தது? இரண்டில் எதைக் கைவிடுவதாக உத்தேசம்?

நண்பரின் கடைசிப் பத்தியில் பூனை வெளியே வருகிறது: வாரிசுச் சொத்து வரியை ஒழிக்க வேண்டுமாம். ஐயா, உங்கள் 0.2 சம்பளத்தைப் பற்றிய எண். தாத்தா விட்டுப்போன வீடும் பங்குப் பத்திரமும் அந்தக் கணக்குக்குள் நுழையவே இல்லை. அளக்காத சொத்துக்கு விலக்குக் கேட்க எந்த எண்ணை நீட்டுகிறீர்கள்?