புழல் முகாமில் தீராத ஏகாதிபத்தியக் கணக்கு

வெள்ளைக்காரர் ஆட்சியால் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு விளைந்தது நன்மையா, தீமையா? கல்லூரிப் பட்டிமன்றங்களில் அடிக்கடி வரும் தலைப்பு இது. ஒரு தரப்பு பள்ளிக்கூடத்தையும் பட்டாளத்து வேலையையும் காட்டும். மறுதரப்பு சுரண்டலைச் சொல்லும். இதற்கு விடை தேடி நாம் லண்டன் வரை போக வேண்டியதில்லை. புழல் காவாங்கரையில் இருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் வரை போனால் போதும்.

1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறையை இனிச் சட்டம் ஏற்காது என்றது. ஆனால் நிலம் மிராசுதாரர் கையிலேயே இருந்தது. குடியிருந்த மனைகூட நம் முன்னோருக்குச் சொந்தமில்லை. அதே காலத்தில் ஆங்கிலேயருக்கு இலங்கையில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும், மலாயாவில் ரப்பருக்கும், பர்மாவில் அரிசி ஆலைக்கும் துறைமுகத்துக்கும் ஆள் தேவைப்பட்டது. நிலமில்லாதவன்தான் முதலில் கிளம்புவான். 1876-78 பஞ்சம் சேரிகளை வாரிக்கொண்டு போனபோது கங்காணியின் முன்பணம் பலருக்கு உயிர் பிழைக்கும் வழியாகத் தெரிந்தது.

போன இடத்தில் லயன் அறை காத்திருந்தது. கடனும் காத்திருந்தது. இலங்கைத் தோட்டங்களில் தொழிலாளியின் கடனை ஒரு சீட்டில் எழுதித் தருவார்கள். அதற்குத் 'துண்டு' என்று பெயர். அந்தக் கடனைக் கட்டும் துரைக்கே ஆள் போய்ச் சேர வேண்டும். 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. ஊரில் பண்ணையாள், தோட்டத்தில் கூலியாள். சாதி உண்டாக்கிய இல்லாமையை ஏகாதிபத்தியம் உடைக்கவில்லை. அதை முதலாக வைத்து வியாபாரம் செய்தது.

மறுபக்கத்தையும் நாம் மறைக்கக் கூடாது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு விரிவான அறிக்கை அளித்தார். புழல் அன்று அந்த ஜில்லாவுக்குள்தான் இருந்தது. அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. பத்து ஆண்டுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாறலாம் என்பது நிபந்தனை. ஒரு கையால் நிலம் கொடுத்த அதே அரசுதான் மறு கையால் கப்பல் ஏற்றியது. பட்டிமன்றத்தின் இரு தரப்பும் பாதி உண்மையே பேசுகின்றன.

ஏகாதிபத்தியம் போனது. அது ஏற்றிச் சென்ற மனிதர்களை என்ன செய்வது என்று யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. இலங்கை, 1948இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலான மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி பிறகு பார்க்கலாம் என்றது. மூட்டை எண்ணுவது போல எண்ணினார்கள். அதே காலத்தில் பர்மாவிலிருந்தும் உடைமைகளை இழந்து மக்கள் திரும்பினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் அவர்கள் குடியிருப்புகள் இன்றும் உள்ளன.

1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் நிலை இன்னும் மோசம். தமிழக முகாம்களில் இருப்போரில் ஒரு பகுதியினர் மலையக வம்சாவளியினர். அவர்கள் பாட்டன் பூட்டன் புறப்பட்டது தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்துதான். ஒப்பந்தப்படி இந்தியா வர வேண்டியவர்களிலும் பலர் 1984இல் கப்பல் நின்றதால் சிக்கிக்கொண்டார்கள். பிறகு படகேறி வந்தவர்களைச் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இத்தகைய இந்திய வம்சாவளி அகதிகளின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை.

நிலத்தின் கதையும் இப்படித்தான். பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. அதை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் செங்கல்பட்டை அடுத்த காரணையில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர்.

எனவே நாம் கேட்பது இரண்டு. முகாமில் இருக்கும் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை. பஞ்சமி நிலத்தைக் கிராம வாரியாகக் கணக்கெடுத்து உரியவரிடம் ஒப்படைத்தல். முதலாவது ஒன்றிய அரசின் கடமை, இரண்டாவது மாநில அரசின் கடமை. இரண்டும் ஒரே கடனின் இரு தவணைகள்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: நம் குடும்பத்தில் யார் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனார்கள்? கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்: நம் ஊரில் எந்தெந்தச் சர்வே எண் பஞ்சமி நிலம்? முகாமில் இருப்பவர் அந்நியர் அல்லர் என்பதும், பறிபோன நிலம் பழங்கதை அல்ல என்பதும் அப்போது தெரியவரும்.