பொருள் வரியைத் தமிழில் எழுதுவது பிழையா?

மடலைத் தமிழில் எழுதினாலும் பொருள் வரியை ஆங்கிலத்திலேயே இடுக என்பது ஆய்வு மாணவர்களுக்கு அடிக்கடி சொல்லப்படும் அறிவுரை. தமிழில் இட்டால் மடல் உரிய கோப்புறைக்குப் போய்ச் சேராதாம். யூனிக்ஸ் வழங்கியில் வடிகட்டி விதிகளை எழுதிப் பார்த்தவர்களின் பட்டறிவு இது. பட்டறிவு மெய், அதிலிருந்து எட்டப்படும் முடிவுதான் தவறு.

புரோக்மெயிலை எடுத்துக்கொள்வோம். ஸ்டீபன் வான் டென் பெர்க் 1990இல் உருவாக்கிய இம்மென்பொருள், பயனரின் கோப்பகத்திலுள்ள ஒரு சிறிய விதிக்கோப்பைப் படிக்கிறது. ஒவ்வொரு விதியிலும் ஒரு நிபந்தனையும் ஒரு கோப்புறைப் பெயரும் இருக்கும். வந்த மடல் மேலிருந்து கீழாக ஒப்பிடப்படுகிறது. முதலில் பொருந்தும் விதி அதைக் கொண்டு சேர்க்கிறது. எதுவும் பொருந்தாதது பொதுப் பெட்டியில் விழுகிறது. ஒரு மடல் ஏன் அங்கே போனது என்ற கேள்விக்கு விதிக்கோப்பே விடை சொல்லும். பெருநிறுவனங்களின் தானியங்கி வகைப்பாட்டில் இந்த விடை கிடைப்பதில்லை.

ஆனால் அந்த விதியின் கண்ணுக்குத் தமிழ்ச் சொல் தமிழாகத் தெரிவதில்லை. மின்னஞ்சலின் தலைப்பகுதி ஆங்கில எழுத்துகளுக்கென வகுக்கப்பட்டது. பிற எழுத்துகளை அதில் அனுப்ப, ஆர்.எஃப்.சி. 2047 என்னும் 1996ஆம் ஆண்டுத் தரநிலை அவற்றை லத்தீன் எழுத்துகளும் எண்களும் கலந்த சரமாக மாற்றச் சொல்கிறது. பரவலான பேஸ்64 முறையில் மும்மூன்று பைட்டுகள் நான்கு குறிகளாகின்றன. யூ.டி.எஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளே. கணக்கு கச்சிதமாகப் பொருந்துவதுபோல் தோன்றும். இடைவெளியோ ஒரே பைட்டு. எனவே 'கருத்தரங்கு' என்னும் சொல் வரியின் தொடக்கத்தில் நின்றால் ஒரு வேடம், ஓர் இடைவெளிக்குப் பின் வந்தால் வேறொன்று, இரண்டு இடைவெளிகளுக்குப் பின் மூன்றாவது. போதாக்குறைக்கு, ஒரு துண்டு 75 குறிகளைத் தாண்டக் கூடாது; அதாவது அதிகபட்சம் 15 தமிழ்க் குறியீடுகள். 'கருத்தரங்கு' ஒன்றே 11 குறியீடுகளை எடுத்துக்கொள்கிறது. நீண்ட பொருள் வரியில் அது நடுவே வெட்டுப்படவும் கூடும்.

புரோக்மெயில் தானாக இதை அவிழ்ப்பதில்லை. 2001க்குப் பின் இருபதாண்டுகள் புதிய பதிப்பே காணாத கருவியிடம் அதை எதிர்பார்ப்பதும் வீண். சீவ் என்னும் வடிகட்டி மொழி (2001, திருத்தம் 2008) தலைப்பகுதியை யூ.டி.எஃப்-8ஆக அவிழ்த்த பின்னரே ஒப்பிட வேண்டும் என்கிறது. டவ்காட் வழங்கியில் பிஜன்ஹோல் நிரலைச் சேர்த்தால் சீவ் கிடைக்கும். ஆகவே குறை கருவித் தேர்விலே தவிர மொழியிலே இல்லை.

அவிழ்த்தாலும் சொல்லை மட்டும் நம்பலாகாது. 'ஆய்வு' என்று தேடினால் 'ஆய்வேடு' நழுவும். 'ஆய்வ' என்று குறுக்கினால் காவல் ஆய்வாளரின் அறிவிப்பும் ஆய்வுக் கோப்புறைக்கு வந்துவிடும். 'தொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றே, ஒப்பீட்டுக்கு வேறு. ஆதலின் மடற்குழுக்களை அவற்றின் தலைப்பகுதியிலுள்ள குழு அடையாளத்தைக் கொண்டும் (இதற்கும் 2001லேயே தரநிலை உண்டு), நெறியாளரின் மடலை அவர் முகவரியைக் கொண்டும் பிரிப்பதே முறை. சொல்வழி விதிகள் இறுதியில் வரட்டும். அவையும் மடலை நகர்த்தாமல் நகலெடுக்கட்டும்.

இயல் திருத்தங்கள் அடங்கிய நெறியாளரின் மடல், தமிழ்ப் பொருள் வரியைத் தாங்கியதாலேயே சுற்றறிக்கைக் குவியலில் கிடந்து, சமர்ப்பிக்கும் நாள் கடந்தபின் கண்ணில் படுவது வெறும் தொழில்நுட்பச் சிக்கலன்று. இந்திய மொழிகளில் ஆய்வு நடைபெறும் பல்கலைக்கழகங்களின் கணினி மையங்கள் மாணவர்க்கு மாதிரி விதிக்கோப்பை வழங்குமுன், தமிழில் ஒன்றும் இந்தியில் ஒன்றுமாகப் பொருள் வரி இட்ட இரு மடல்களைத் தமக்கே அனுப்பிச் சோதிக்கலாம். ஐந்து நிமிட வேலை.