தண்ணியில்லாக் காட்டில் தண்ணிக் கம்ப்யூட்டர்

பேங்க்கில் எங்களை மிரட்ட ஒரே வசனம்தான்: "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்." எனக்கு அப்படி நாக்பூர் வாய்த்து மூன்று வருஷமாகிறது. ஊர் நல்ல ஊர்தான். மே மாதத்தில் 45 டிகிரி அடிக்கும், அவ்வளவுதான். அப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் ஓடவிட இரண்டு மாதம் திட்டம் போட்டேன். பட்டுத் தெளிந்தவன் சொல்கிறேன் மக்களே, அந்தப் பக்கம் போகாதீர்கள். அதுவும் மூன்று வருஷத்துக்கொருமுறை மூட்டை கட்டுகிற நம்மைப் போன்றவர்கள் போகவே போகாதீர்கள்.

விஷயம் இதுதான். மகள் இங்கே ஆர்க்கிடெக்சர் இரண்டாம் வருஷம். ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டுப் படுத்தால், அவளுடைய பழைய லேப்டாப் அடுப்பு மாதிரி கொதித்துப் பாதியில் அணைந்துவிடும். ஒரு சப்மிஷனே அப்படிப் போயிற்று. "அப்பா, ஒரு டெஸ்க்டாப் இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். நாலு ஊர், அஞ்சு பள்ளிக்கூடம் என்று அவளை இழுத்தடித்த உறுத்தல் எனக்கு. கையில் அரியர்ஸ் பணம் வேறு. செய்வதுதான் செய்கிறோம், பெரிசாய்ச் செய்வோமே என்று இறங்கிவிட்டேன்.

கடைக்காரர் தூபம் போட்டார். "இந்த ஊர் வெயிலுக்கு வாட்டர் கூலிங் இல்லாமல் முடியாது சார்." கண்ணாடிக் குழாய், நீலத் தண்ணீர், உள்ளே வண்ண விளக்கு. பார்த்தால் ஆசை வராதவன் மனுஷனே இல்லை. கொட்டேஷன் வந்தது: குளிர்ச்சிச் சாமான்களுக்கு மட்டும் 92,000 ரூபாய். தங்கமணி காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அது திட்டுவதைவிட மோசம்.

இப்போது அந்த "வெயிலுக்குத் தண்ணீர்" வாதத்தை எடுத்துக்கொள்வோம். நானும் நம்பினேன். ஏனென்றால் இங்கே வீட்டுக்கு வீடு ஜன்னலில் ஒரு கூலர் தொங்கும். புல் தட்டியில் தண்ணீர் வழியும், ஃபேன் காற்றை இழுக்கும், அறை ஜில்லென்று ஆகும். ஆனால் அது குளிர்வது தண்ணீர் ஆவியாவதால். ஒரு லிட்டர் ஆவியாக சுமார் 2,400 கிலோஜூல் சூட்டை உறிஞ்சும். அதனால்தான் தினமும் பக்கெட் பக்கெட்டாக ஊற்றுகிறோம். கம்ப்யூட்டருக்குள் ஓடுவது அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருவது. ஒரு சொட்டுகூட ஆவியாவதில்லை. சிப்பிலிருந்து சூட்டை வாங்கி ரேடியேட்டரில் கொண்டுபோய்க் கொட்டும், அவ்வளவே. அறை 40 டிகிரி என்றால் அந்தத் தண்ணீர் 40-க்குக் கீழே இறங்கவே இறங்காது. வேலை நடக்கும்போது அதற்கு மேலேதான் நிற்கும். வெயில் அதிகம் என்பது தண்ணீர் வைக்கக் காரணமே இல்லை.

சூடும் எங்கேயும் போய்விடுவதில்லை. நாங்கள் தேர்ந்தெடுத்த ரைசன் 9 9900எக்ஸ் சிப் 120 வாட் ரகம். ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ கார்டு 300 வாட். மற்றதும் சேர்த்து 450 வாட் என்று வையுங்கள், அயர்ன் பாக்ஸில் பாதி. காற்றில் குளிர்வித்தாலும் தண்ணீரில் குளிர்வித்தாலும் அந்த 450 வாட்டும் அதே அறைக்குள்தான் வந்து விழும்.

இனி கொட்டேஷனைப் பார்ப்போம். நான் பி.காம், ஆனாலும் கடன் மனுக்களை வரிவரியாய்ப் படிக்கிற புத்தி விடுமா? சிப்பின் மேல் வைக்கிற பிளாக் தாமிரம், ரேடியேட்டர் அலுமினியம் என்று எழுதியிருந்தது. இரண்டு உலோகத்தையும் ஒரே தண்ணீரில் கலந்தால் அலுமினியம் அரிக்கும். வளைக்கிற குழாய் பிஇடிஜி பிளாஸ்டிக். தண்ணீர் 60 டிகிரியை நெருங்கினால் இளக ஆரம்பிக்கும். 40 டிகிரி அறையில் 60 ஒன்றும் எட்டாத தூரமில்லை. இதையெல்லாம் கடைக்காரர் வாயே திறக்கவில்லை. சரி, எல்லாம் ஒழுங்காக அமைந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீரை வடித்து மாற்ற வேண்டும்.

அந்த இடத்தில்தான் மகள் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு மாத்தல் வந்துட்டா இந்தத் தண்ணிய யார் மாத்துவா?"

பதில் இல்லை. எனக்கு மாத்தல் வந்தால் அவள் ஹாஸ்டலுக்குப் போவாள். ராத்திரி ஒரு மணிக்கு இணைப்பு கசிந்தால், ரெண்டரோடு சேர்ந்து கார்டும் போய்விடும் என்ற பயத்தில் அந்தப் பெண் தனியாக நிற்க வேண்டும். அவள் லேப்டாப்பில் பட்ட அதே அவதியைக் கூடுதலாக 92,000 ரூபாய் கொடுத்து வாங்கப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரே தப்பு என்று சொல்லவில்லை. 2024-ல் என்விடியா அறிவித்த ஜிபி200 என்விஎல்72 அடுக்கு ஒன்றே சுமார் 120 கிலோவாட் இழுக்கும். அதற்குத் தண்ணீர்தான் கதி. பார்த்துக்கொள்ள ஆட்களும் இருப்பார்கள். நம் வீட்டில்? "சத்தம் வராது" என்பார்கள். உண்மைதான், கொஞ்சம் குறையும். ஆனால் ஜன்னல் கூலர் போடுகிற இரைச்சலில் கம்ப்யூட்டர் ஃபேன் யார் காதில் விழப்போகிறது?

கடைசியில் சில ஆயிரம் ரூபாயில் இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்று, காற்று நன்றாகப் போய்வருகிற பெட்டி ஒன்று. கார்டில் அதனுடைய சொந்த ஃபேன்களே. 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியிருந்தது; மிச்சமான பணத்தில் 64 ஜிபி போட்டோம். அவள் வேலைக்கு அதுதான் தேவை. ரெண்டர் நடுவே சிப் 85 டிகிரி காட்டுகிறது. அதன் எல்லை 95. விடிந்து பார்த்தால் படம் முடிந்திருக்கிறது.

அப்பாமார்களே, ஊர் ஊராய் இழுத்தடித்ததற்குப் பரிகாரம் செய்கிறோம் என்று பிள்ளைகள் பேரில் நாம் ஆசைப்பட்டதை வாங்காதீர்கள். அவர்கள் கேட்டது என்ன என்று ஒருதரம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். பெரும்பாலும் அது நாம் நினைத்ததைவிடச் சின்னதாகத்தான் இருக்கும்.

டிஸ்கி: அந்த நீலக் குழாய்ப் படம் இன்னும் என் மொபைலில் இருக்கிறது. தங்கமணிக்குத் தெரியாது. ஹி ஹி.