வரிசை தானாக வருவதில்லை

டோக்கியோவின் ஷிஞ்சுகு ரயில் நிலையம் என்றதுமே, ‘ஜப்பான்காரர்களின் ஒழுக்கம் நமக்கு வருமா?’ என்று பெருமூச்சு விடுகிறோம். கோவிட்டுக்கு முன்பு நாளொன்றுக்குச் சுமார் 35 லட்சம் பேர் புழங்கிய நிலையம் அது. வாசல்களே 200-க்கு மேல். அத்தனை கூட்டத்தையும் வெறும் நற்குணத்தால் கட்டி மேய்க்க முடியாது. பிளாட்பாரத்தில் கதவு எங்கே திறக்கும் என்று கோடு போட்டிருக்கிறார்கள். ரயிலும் அந்தக் கோட்டில்தான் வந்து நிற்கிறது. அந்த நிலையம் வழியே செல்லும் யாமனோதே ரயில் தடத்தில் நெரிசல் நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி. அடுத்தது வந்தே தீரும் என்று தெரிந்தவன் எதற்கு முண்டியடிக்கப் போகிறான்? காதைத் துளைத்த மணிக்குப் பதிலாக, 1989-லேயே அங்கே புறப்பாட்டுக்கு மெல்லிசை ஒலிக்கத் தொடங்கியது. பதற்றத்தைக் குறைப்பதும் நிர்வாகத்தின் வேலை என்று நினைத்தவர்கள் அவர்கள். அதற்காக எல்லாமே அங்கே சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஐந்து நிறுவனங்கள் பங்கு போட்டு நடத்தும் அந்த நிலையத்தில் வழி தவறாத வெளியூர்க்காரர் அபூர்வம். 1885-இல் திறந்த நிலையத்தில், டிக்கெட் எடுக்காமலே கிழக்கிலிருந்து மேற்குக்கு நேராகக் கடக்கும் 25 மீட்டர் அகலப் பாதை 2020 ஜூலையில்தான் வந்தது. அதே பொறுமைசாலிகள்தான் அதுவரை சுற்றிச் சுற்றி நடந்தார்கள். மக்கள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், திட்டமிடாத குறையை அவர்களால் ஈடுகட்ட முடியாது. நம் ஊரிலும் பயணிக்குப் பாடம் நடத்துவதற்கு முன், நிர்வாகம் முதலில் ரயிலை நேரத்துக்கு விடட்டும்.