தங்க எழுத்து இருக்கு, வெர்ஷன் எங்கே?

இந்த செமஸ்டரில் மூணு ராத்திரி நான் தூங்கல. காரணம் லவ்வும் இல்ல, அரியரும் இல்ல. ஜிசிசி 4.8.5. 2015-ல் வந்த ஒரு பழைய கம்பைலர்.

காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகுகள், டவர் கிடைக்காத இடத்தில் ஒன்றுக்கொன்று எப்படித் தகவல் அனுப்பலாம் என்பதுதான் எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு ரூட்டிங் வேலையை என்எஸ்2-வில் சீனியர்கள் முன்னாடியே செய்திருந்தார்கள். அவர்கள் ரிப்போர்ட் டிபார்ட்மென்ட் பீரோவில் கிடைத்தது. கெட்டி பைண்டிங், தங்க எழுத்து. உள்ளே, "சாஃப்ட்வேர் தேவை: லினக்ஸ், என்எஸ்2". அவ்வளவுதான். எந்த லினக்ஸ், எந்த கம்பைலர்? ஒரு வார்த்தை இல்ல.

என் லேப்டாப்பில் உபுண்டு 22.04. கம்பைல் செய்தால் பக்கம் பக்கமாக எரர். "பழைய ஜிசிசி போடு மச்சி, ஓடும்" என்றான் ஃப்ரெண்ட்.

முதல் ராத்திரி, பழைய மெஷின் ஒன்றிலிருந்த கம்பைலரை பென் டிரைவில் காப்பி செய்து வந்தேன். எம்பிஎஃப்ஆர் லைப்ரரியின் 4-ஆம் நம்பர் ஃபைல் இல்லை என்று நின்றுவிட்டது. ஜிசிசி உள்ளுக்குள் கணக்குப் போட ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்று மூன்று லைப்ரரிகள் வேண்டும். என் சிஸ்டத்தில் இருந்த புது எம்பிஎஃப்ஆர் ஃபைலின் நம்பர் 6. நெட்டில் பார்த்தபடி 6-க்கு 4 என்று பெயர் வைத்து சிம்லிங்க் போட்டேன். எரர் போச்சு!

மாமா ஹார்பரில் கன்டெய்னர் வேலை பார்க்கிறவர். "இன்னாடா, ராத்திரி முழுக்க தட்டிக்கினே கீற?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "பொட்டி மேல நம்பர மாத்தி ஒட்னா உள்ள கீற சரக்கு மாறிடுமா?" என்று கேட்டுவிட்டு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் சொன்னது சரி. லைப்ரரி எழுதியவர்கள் அந்த நம்பரை மாற்றுவதே, "பழசு மாதிரி நினைச்சுக்காதே" என்று சொல்லத்தான். அந்த எச்சரிக்கை மேலேதான் நான் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். சிம்லிங்க்கை அழித்தேன்.

இரண்டாம் ராத்திரி, சோர்ஸிலிருந்தே கட்டினேன். ஜிசிசி சோர்ஸில் கான்ட்ரிப் ஃபோல்டருக்குள் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. எந்தெந்த வெர்ஷன் வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும். அவற்றைச் சோர்ஸுக்குள்ளேயே வைத்துக் கட்டினால் கம்பைலரோடு ஒட்டிக்கொள்ளும், சிஸ்டத்தில் இருப்பதோடு மோதாது. அடுத்து ஜிலிப்சி மல்லுக்கு நின்றது. 2017-ல் வந்த 2.26-லேயே 'ஸ்ட்ரக்ட் யூகான்டெக்ஸ்ட்' என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். அந்த வரிகளில் 'யூகான்டெக்ஸ்ட்_டி' என்று மாற்றினேன். சானிடைசரை ஆஃப் செய்தேன். விடியும்போது பில்ட் முடிந்தது.

மூன்றாம் ராத்திரி கூத்து என் கைங்கர்யம். புது ஃபோல்டரை 'எல்டி_லைப்ரரி_பாத்'தில் சேர்த்து பாஷ்ஆர்சியில் நிரந்தரமாகப் போட்டேன். உடனே சிமேக் படுத்துவிட்டது. சி++ லைப்ரரிக்கு இரண்டு இடத்திலும் ஒரே நம்பர், 6. ஆனால் என்னுடையது பழசு. பழைய ப்ரோக்ராம் புது லைப்ரரியில் ஓடும், புது ப்ரோக்ராம் பழையதில் ஓடாது. அந்த வரியை எடுத்துவிட்டு, தேவைப்படும் ப்ரோக்ராமுக்கு மட்டும் கொடுத்தேன்.

இத்தனைக்கும் பிறகு என்எஸ்2-வை ஓட்டினால், முதல் ராத்திரி பார்த்த அதே முதல் எரர். ஒரு ஹெடர் ஃபைலில் 'எரேஸ்' தெரியவில்லையாம். என்எஸ் 2.35 வந்தது 2011 நவம்பரில். இந்த விஷயத்தில் ஜிசிசி கறாரானது 2012-ல், 4.7-ல். அதாவது 4.8-உம் இதை விடாது. மருந்து, 'எரேஸ்' முன்னால் ஒரு 'திஸ்'. அந்த முதல் எரரை முதல் நாளே நிதானமாகப் படித்திருந்தால், பழைய கம்பைலர் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்று அப்போதே தெரிந்திருக்கும்.

என் தப்பு அது. ஆனால் மூணு ராத்திரியும் என் தப்பு மட்டுமா? சீனியர்களும் இதே இடத்தில் முட்டிக்கொண்டுதான் தாண்டியிருப்பார்கள். அதை எழுதி வைக்க யாரும் கேட்கல, அவர்களும் எழுதல.

"டாக்கர் இருக்கே?" என்பீர்கள். இருக்கட்டும். அந்த கன்டெய்னரிலும் என்ன சரக்கு ஏற்றணும் என்று ஒருத்தர் எழுதித்தானே ஆகணும்?

அதனால் நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். ஓஎஸ், கம்பைலர், லைப்ரரி எல்லாவற்றுக்கும் வெர்ஷன், கொடுத்த கான்ஃபிகர் வரி, கையால் மாற்றிய வரிகள். வைவாவில் அந்தப் பக்கத்தை மட்டும் வைத்து வேறொரு மெஷினில் கட்டிக் காட்டச் சொல்லுங்கள், மார்க் போடுங்கள். காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்குகிறவர்களுக்குத்தான் இது கஷ்டம். கஷ்டப்படட்டும்.

எங்கள் ரிப்போர்ட்டில் அந்தப் பக்கம் இருக்கும். ஜூனியர்ஸ், எடுத்து ஓட்டிப் பாருங்க. ஓடலைன்னா என்னைத் திட்டுங்க. ஆனா முதல் எரரைப் படிச்சிட்டுத் திட்டுங்க.