ஹெச்.எம்.ஐ.யா, ஸ்காடாவா? உப்பளத்தில் நின்று யோசித்தால்...

இன்ஜினியரிங் மாணவர்களைக் குழப்பும் இரட்டையர்கள் ஹெச்.எம்.ஐ.யும் ஸ்காடாவும். இரண்டிலும் கலர் கலராகத் திரை, சுற்றும் மோட்டாரின் படம், சிவப்பில் மின்னும் அலாரம். விற்க வருபவர்களும் இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். தேவை தெரியாமல் வாங்கினால் செலவு செய்த பணம் கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

வித்தியாசம் புரிய, விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளத்துக்கே வாருங்கள். இங்கே உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவிடுகிறார்கள். கடல்நீரின் அடர்த்தி சுமார் 3 டிகிரி போமே. அது 25 டிகிரியைத் தொடும்போது உப்பு விளையத் தொடங்கும். 30-ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். எப்போது நீர் பாய்ச்சுவது, எப்போது வடிப்பது என்பதில்தான் தொழிலே இருக்கிறது.

ஒரு உப்பளக்காரர் தன் பம்பைத் தானாக இயங்க வைக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பை ஓட்டுவதும் நிறுத்துவதும் பி.எல்.சி.யின் வேலை. அதன் பக்கத்தில் நீர்மட்டத்தையும் டிகிரியையும் காட்டி, தொட்டால் பம்பை நிறுத்தும் சின்னத் திரைதான் ஹெச்.எம்.ஐ. அது எதிரில் நிற்கும் ஆளுக்கானது.

அதே கடற்கரையில் ஐம்பது பம்புகள் கிலோமீட்டர் கணக்கில் சிதறிக் கிடந்தால்? ரேடியோவிலோ சிம் கார்டிலோ எல்லாத் தகவலையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, வருடக்கணக்கில் சேமித்து, ஆபத்து என்றால் செல்பேசிக்குத் தகவல் அனுப்புவது ஸ்காடா. அங்கேயும் மனிதன் பார்க்கும் திரை ஹெச்.எம்.ஐ.தான். ஆக, ஹெச்.எம்.ஐ. கண் என்றால், ஸ்காடா நரம்பும் ஞாபகமும் சேர்ந்த உடம்பு.

குழப்பத்துக்குக் கம்பெனிகளும் காரணம். சீமென்ஸ் வின்சிசி என்ற ஒரே பெயரில், பேனல் திரைக்கு 'பேசிக்', 'கம்ஃபர்ட்' என்றும், ஸ்காடாவுக்கு 'புரொஃபஷனல்' என்றும் விற்றது. ராக்வெல்லின் ஃபேக்டரிடாக் வியூவில் 'மெஷின் எடிஷன்' ஒரு இயந்திரத்துக்கு, 'சைட் எடிஷன்' ஆலை முழுக்க. விலையிலும் சூட்சுமம் உண்டு. பல மென்பொருள்களில் டேக் எனப்படும் அளவீடுகளின் எண்ணிக்கை கூடக்கூட லைசென்ஸ் கட்டணமும் கூடும். 2010-ல் வந்த இக்னிஷன், டேக்கை எண்ணாமல் சர்வருக்கு விலை வைத்தது. காசில்லாதவர்களுக்கு ரேபிட் ஸ்காடா போன்ற திறமூல மென்பொருள்களும் உண்டு.

சரி, மரக்காணத்துக்கு எது தேவை? நாலு பாத்தி வைத்திருப்பவருக்கு ஸ்காடா வீண் செலவு. உப்புக்காற்றையும் வெயிலையும் தாங்கும் ஒரு பேனல் போதும். அதில் எழுத்து தமிழில் தெரிகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பாத்தியில் நிற்கும் தொழிலாளிக்குப் புரியாத அலாரம், அடிக்காத அலாரம்தான்.

ஆனால் கடற்கரை முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கதை வேறு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. மழையை எந்த மென்பொருளும் நிறுத்தாது. ஆனால் பக்கிங்ஹாம் கால்வாயிலும் கழுவெளியிலும் நீர்மட்டம் ஏறுவது முன்கூட்டியே தெரிந்தால், குவித்து வைத்த உப்பில் கொஞ்சமாவது கரை ஏறும். பம்பையும் மோட்டாரையும் கழற்றி மேட்டுக்குக் கொண்டுபோகலாம். இதைத் தனி ஆள் செய்ய முடியாது. உற்பத்தியாளர்கள் ஒன்றுசேர்ந்தோ அரசு முன்வந்தோ பொதுவாக ஒரு ஸ்காடா வைப்பதுதான் நியாயம்.

அதற்காகத் திரையையே நம்பிக் கிடக்கவும் கூடாது. 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் வைரஸ், ஈரானின் நதான்ஸ் அணுநிலையத்தில் இயந்திரங்களைக் கெடுத்துக்கொண்டே, திரையில் 'எல்லாம் நலம்' என்று காட்டியது. எனவே டிகிரி பார்க்கும் கருவியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் தகவல் யாருக்கு, எங்கே, எப்போது தெரிய வேண்டும்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் ஹெச்.எம்.ஐ.யா ஸ்காடாவா என்பது தானாகவே விளங்கிவிடும்.