“எத்தனை பிளாக்?”

இதய நோய் வார்டுக்கு வெளியே கிடக்கும் நாற்காலிகளில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ஒரே கேள்வி பல வாய்களிலிருந்து வரும்: “எத்தனை பிளாக்காம்?” பதிலும் தயாராக இருக்கும். “மூணு. ஒண்ணு தொண்ணூறு பர்சன்ட், ஒண்ணு எழுபது, இன்னொண்ணு முப்பதுதான்.” மகனோ மருமகனோ அந்த எண்களை ஊரிலுள்ள சொந்தங்களுக்கெல்லாம் போனில் ஒப்பிப்பார். தொண்ணூறைக் கேட்டதும் மறுமுனை கலங்கும். முப்பதைக் கேட்டதும், “அது பரவாயில்ல, விடு” என்று பெருமூச்சு வரும்.

அந்தப் பெருமூச்சில்தான் கோளாறு. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியை நாம் வீட்டுக் குழாயாக நினைத்துக்கொண்டோம். குழாயில் பாசி சேரும், தண்ணீர் குறையும், ஒருநாள் முழுக்க அடைத்துக்கொள்ளும் என்று அதன் கதை போகும். ‘அடைப்பு’ என்ற சொல்லே இந்தக் கதையைச் சுமந்துகொண்டு வருகிறது. மாரடைப்பில் பெரும்பகுதி வேறு மாதிரி நடக்கிறது. தமனியின் சுவருக்குள் கொழுப்புப் படிவு புண்போல அழன்று, அதன் மேல்தோல் மெலிந்து, ஏதோ ஒரு காலையில் கிழிகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. அடைப்பது அந்த உறைகட்டிதான். முந்தின நாள் அந்த இடத்தில் ‘முப்பதுதான்’ இருந்திருக்கலாம்.

குழாய்க் கதைக்கு ஒரு பிறந்தநாள்கூட உண்டு: 1958 அக்டோபர் 30. அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர், வால்வு பழுதான 26 வயது இளைஞர் ஒருவரின் பெருந்தமனிக்குள் சாயம் செலுத்திப் படமெடுக்கத் தயாரானார். வடிகுழாயின் நுனி நழுவி, இதயத் தமனிக்குள்ளேயே புகுந்துவிட்டது. அதற்குள் சாயம் பாய்ந்துவிட்டது. அப்படி நேரடியாகப் பாய்ச்சினால் ஆள் பிழைக்க மாட்டார் என்பது அன்றைய நம்பிக்கை. இதயம் சில விநாடிகள் நின்றது. இரும்பச் சொன்னார்கள். இரும்பினார்; இதயம் மறுபடி ஓடத் தொடங்கியது. இப்படித் தவறுதலாகக் கிடைத்ததுதான் இதயத் தமனி ஆஞ்சியோகிராம். 1977இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் பலூனை நுழைத்துக் குறுகலை விரித்தார். 1980களின் நடுவில் ஸ்டென்ட் வந்தது.

இந்த வடிகுழாய் ஆஞ்சியோ காட்டுவது சாயம் ஓடும் பாதையை மட்டுமே. சுவரைக் காட்டாது. 1987இல் சீமோர் கிளாகோவின் குழு, இறந்தவர்களின் இதயத் தமனிகளை நறுக்கிப் பார்த்து ஒன்றைக் கண்டது: படிவு வளர வளரத் தமனி வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. படிவு சுமார் 40 சதவீதப் பரப்பைப் பிடிக்கும்வரை உள்பாதை குறைவதே இல்லை. அதாவது படத்தில் சுத்தமாகத் தெரியும் தமனிக்குள்ளும் சரக்கு ஏறியிருக்கலாம். 

அப்படியானால் ஸ்டென்ட் வீணா? மாரடைப்பு வந்துகொண்டிருக்கும் நேரத்தில் அது உயிரைக் காக்கிறது; அதில் சந்தேகமே வேண்டாம். நடந்தால் மட்டும் நெஞ்சு பிடிக்கும், மற்றபடி நிலையாக இருக்கும் நோயாளிகளின் கதைதான் வேறு. 2,287 பேரை வைத்து 2007இல் வந்த ‘கரேஜ்’ ஆய்வும், 5,179 பேரை வைத்து 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வும், இவர்களுக்கு மாத்திரைகளோடு ஸ்டென்டையோ பைபாஸையோ முதலிலேயே சேர்ப்பதால் மரணம் குறையவில்லை என்று காட்டின. வலி குறைந்தது, அவ்வளவுதான். குறுகலை விரித்துவிட்டோம், கிழியப்போகும் சுவரோ வேறெங்கோ இருந்தது.

சுவரை எப்படிப் பார்ப்பது? இங்கேதான் நானோ வருகிறது. கார் பெயராகி, யூரியா பாட்டிலாகித் தேய்ந்துபோன சொல் அது. மருத்துவத்தில் அதற்கு இன்னும் துல்லியமான பொருள் இருக்கிறது. சுமார் 30 நானோமீட்டர் அகலமுள்ள இரும்பு ஆக்சைடுத் துகள், மேலே சர்க்கரை வகையைச் சேர்ந்த ஒரு பூச்சு. ஒரு ரத்தச் சிவப்பணுவின் குறுக்கே இவற்றை வரிசையாக வைத்தால் இருநூற்றுக்கு மேல் பிடிக்கும். ஊசி வழியாக ஏற்றினால் இவை ஏறக்குறைய ஒரு நாள் ரத்தத்தில் சுற்றும். உடலில் கண்டதையெல்லாம் விழுங்கித் துப்புரவு செய்யும் வெள்ளணு வகை ஒன்று உண்டு, மேக்ரோபேஜ் என்பார்கள். அழற்சி இருக்கும் இடத்தில்தான் அவை கூடும். துகள்களை அவையே விழுங்கும். இரும்பு காந்தப்புலத்தைக் குலைப்பதால், மறுநாள் எம்ஆர்ஐ எடுத்தால் அந்த இடம் கருத்துத் தெரியும். திருடன் காலில் மாவு ஒட்டிக்கொண்டு தடம் காட்டிய கதைதான்.

எலியிலும் முயலிலும் பார்த்ததை மனிதரில் 2003இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் குழு காட்டியது. கழுத்துத் தமனியில் படிவு உள்ளவர்களுக்குத் துகளை ஏற்றி, படமெடுத்து, பிறகு அறுவை சிகிச்சையில் எடுத்த படிவை நுண்ணோக்கியில் வைத்தார்கள். இரும்பு மேக்ரோபேஜ்களுக்குள் இருந்தது. அதுவும் கிழியக்கூடிய, கிழிந்த படிவுகளில்தான் பெரும்பாலும். கழுத்தைத் தேர்ந்தது தற்செயலில்லை. அங்கே தமனி பெரிது, அசையாது. இதயத் தமனியோ சில மில்லிமீட்டர். நிமிடத்துக்கு எழுபது தடவை துள்ளுகிறது. அங்கே கரும்புள்ளியைத் தேடுவது ஓடும் பேருந்தின் படிக்கட்டில் விழுந்த கடுகைத் தேடுவது போல. 

2009இல் கேம்பிரிட்ஜ் குழு இன்னும் ஒரு படி ஏறியது. 47 பேர், பாதிப் பேருக்கு அடோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டேட்டின் மாத்திரை 10 மில்லிகிராம், மீதிப் பேருக்கு 80. பன்னிரண்டு வாரத்தில், அதிக அளவு எடுத்தவர்களின் படிவில் இரும்பு சேர்வது குறைந்தது. மாத்திரை சுவரின் நெருப்பைத் தணிப்பதை உயிருள்ள மனிதரில் பார்க்க முடிந்தது. இந்தத் துறையின் மிக அழகான ஆய்வு என்று இதைச் சொல்லலாம்.

அழகு வேறு, பயன் வேறு. எடின்பரோவில் டேவிட் நியூபி முதலானோர் நடத்திய ஆய்வு அந்த வித்தியாசத்தைத் தயவின்றிக் காட்டியது. வயிற்றுப் பெருந்தமனி உப்பியிருந்த 342 பேருக்கு இரும்புத் துகள் ஏற்றி எம்ஆர்ஐ எடுத்து, சராசரியாக மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகப் பின்தொடர்ந்தார்கள். 2017இல் முடிவு வந்தது. சுவரில் துகள் சேர்ந்தவர்களில் 47.3 சதவீதத்தினருக்குத் தமனி வெடித்தது அல்லது அறுவை தேவைப்பட்டது, சேராதவர்களில் 35.6 சதவீதம். கொள்கை சரியென்று தெரிந்தது. ஆனால் உப்பலின் விட்டம், புகைப்பழக்கம் என்று மருத்துவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றோடு சேர்த்துக் கணக்கிட்டபோது, இந்தப் படம் கணிப்பைக் கூர்மையாக்கவில்லை. அல்ட்ராசவுண்ட் கருவியும் பீடி பற்றிய ஒரு கேள்வியும் சொன்னதையே அது சொன்னது.

அதே நியூபி வழிநடத்திய இன்னொரு ஆய்வை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான பரிசோதனைகளோடு சிடி ஆஞ்சியோவும் எடுத்தது ‘ஸ்காட்-ஹார்ட்’. நானோவும் கிடையாது, புதுமையும் அதிகமில்லை. ஐந்து ஆண்டில் இதய நோய் மரணமோ மாரடைப்போ நேர்ந்தவர்கள் சிடி எடுத்த தரப்பில் 2.3 சதவீதம், எடுக்காத தரப்பில் 3.9. காரணம் சாதாரணமானது: சுவரையும் காட்டும் சிடி படத்தில் படிவு தெரிந்ததும் மருத்துவர்கள் ஸ்டேட்டினும் ஆஸ்பிரினும் எழுதினார்கள். படம் ஒரு கையெழுத்தை மாற்றியது. நானோ படமெடுப்பு ஆய்வுகளுக்கு நிதி கேட்டு வரும் விண்ணப்பங்களில் முதல் கேள்வியாக இதையே வைக்கலாம்: இந்தப் படம் தெரிந்தபின் மருத்துவர் எழுதும் சீட்டில் எந்த வரி மாறும்?

சந்தையும் இந்தக் கேள்வியைத் தன் பாணியில் கேட்டது. மாஸ்ட்ரிக்டில் பயன்பட்ட துகளுக்கான ஐரோப்பிய விண்ணப்பம் 2007இல் திரும்பப் பெறப்பட்டது. எடின்பரோவில் ஏற்றிய ஃபெருமாக்ஸிட்டால் அமெரிக்காவில் 2009இல் அனுமதி பெற்றபோது அது படமெடுக்கும் மருந்தாக வரவில்லை. சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு இரும்புச் சத்தாக வந்தது. துகளைப் பார்ப்பதற்காகச் செய்தவர்கள் சத்தூசி விற்றுப் பிழைத்தார்கள் என்று சொன்னால் கொஞ்சம் குரூரம்தான். அதிலும் 2015இல் 79 கடும் ஒவ்வாமைகள், அவற்றில் 18 மரணங்கள் பதிவானதைச் சுட்டி, கட்டமிட்ட எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. நோயில்லாதவரை எச்சரிக்கத் தரும் ஊசிக்கு அது பெரிய விலை.

துகளின் முதுகில் மருந்தை ஏற்றி அனுப்பலாமே என்பது அடுத்த யோசனை. ஆம்ஸ்டர்டாம் குழுவினர் அழற்சியைத் தணிக்கும் பிரெட்னிசோலோனைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்துச் செலுத்தினார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில் குமிழிகள் மனிதப் படிவின் மேக்ரோபேஜ்களைச் சென்றடைந்தன, அழற்சியோ குறையவில்லை. கடிதம் சரியான வீட்டில் சேர்ந்தது, பதில்தான் வரவில்லை.

இதைவிட அடிப்படையான சிக்கலும் உண்டு. சுவரில் கிழியக்கூடிய படிவு தெரிந்தாலும் எது கிழியும் என்று தெரியாது. மாரடைப்பு போன்ற அவசர நிலையில் வந்த 697 பேரின் தமனிகளுக்குள் அல்ட்ராசவுண்ட் கம்பியை விட்டுப் பார்த்த ‘ப்ராஸ்பெக்ட்’ ஆய்வு 2011இல் வந்தது. மெல்லிய தோலுள்ள ஆபத்தான படிவுகள் என்று 595ஐக் குறித்தார்கள். மூன்றரை ஆண்டில் அவற்றில் சிக்கல் தந்தவை 26. மீதி 569 சும்மா இருந்தன. இதே ஆய்வில்தான் இன்னொன்றும் தெரிந்தது: பிற்பாடு வந்த சிக்கல்களில் ஏறக்குறையப் பாதி, முதலில் சிகிச்சை பெறாத இடங்களிலிருந்து வந்தன; அந்த இடங்களின் தொடக்கக் குறுகல் சராசரியாக 32 சதவீதம். வார்டு நாற்காலியில் ‘பரவாயில்ல, விடு’ என்று ஒதுக்கிய ஏறக்குறைய அதே எண்.

எதிர்வாதத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. தென்கொரியர்கள் முன்னின்று நான்கு நாடுகளில் நடத்திய ‘ப்ரிவென்ட்’ ஆய்வில், ரத்த ஓட்டத்தைத் தடுக்காத, ஆனால் ஆபத்தான தோற்றமுள்ள படிவுகளுக்கு முன்கூட்டியே ஸ்டென்ட் வைத்தார்கள். மொத்தம் 1,606 பேர். இரண்டு ஆண்டில் சிக்கல் கண்டவர்கள் ஸ்டென்ட் தரப்பில் 0.4 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 3.4. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் யாருக்கு ஸ்டென்ட் வைத்தது என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது. நூறு பேருக்கு உலோகத்தை வைத்து மூன்று பேரைக் காக்கிறோம் என்பதும் அதே கணக்கு.

எந்த இடம் எரிகிறது என்று தேடாமல் மொத்த நெருப்பையும் தணித்தால்? 10,061 பேரை வைத்து 2017இல் வந்த ‘கான்டோஸ்’ ஆய்வு, அழற்சியை மட்டும் குறைக்கும் கனகினுமாப் ஊசியின் 150 மில்லிகிராம் அளவு மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றை 15 சதவீதம் குறைப்பதைக் காட்டியது. ஊசி யானை விலை. தொற்று மரணங்களும் கூடின. இதய நோய்க்கு அனுமதி கிடைக்கவில்லை. பிறகு பார்வை கோல்சிசின் பக்கம் திரும்பியது. கீல்வாதத்துக்குத் தரும் பழைய மாத்திரை. 2019இலும் 2020இலும் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் பலன் உண்டு என்றன. 2023இல் அமெரிக்கா அனுமதித்தது. 2024இல் ஏழாயிரம் பேரை வைத்து வந்த ஆய்வு பலனில்லை என்றது. வழக்கு இன்னும் முடியவில்லை. மூலனூரிலும் தாராபுரத்திலும் பந்தல் போட்டுக் கண்வலிக்கிழங்கு எனப்படும் செங்காந்தளை வளர்ப்பவர்கள் ஏற்றுமதிக்கு விற்கும் விதையிலிருந்து எடுப்பது இதே கோல்சிசின்தான். நம் மாநில மலரான செங்காந்தளின் விதை, உலகின் இதயவியல் மாநாடுகளில் விவாதப் பொருளாகிவிட்டது.

துகளுக்கு வருவோம். டொரன்டோவின் வாரன் சான் குழு 2016இல் பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. புற்றுக்கட்டியை நோக்கி அனுப்பிய நானோ துகள்களில் இலக்கை அடைந்தது நடுத்தரமாக 0.7 சதவீதம். பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் அள்ளிக்கொள்கின்றன. தமனிச் சுவரைக் குறிவைப்பவர்களுக்கும் இதே தலைவலி. கல்லீரலை ஏமாற்ற என்னென்னவோ பூச்சு பூசிப் பார்த்தார்கள்.

சிலர் மட்டும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். துகள் கல்லீரலுக்குத்தானே போகிறது, போகட்டும். ரத்தத்தில் எல்டிஎல் கொழுப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும் கல்லீரல்தான். அமெரிக்காவின் வெர்வ் நிறுவனம் மரபணுவின் ஓரெழுத்தை மாற்றும் கருவியைக் கொழுப்புத் துகளுக்குள் வைத்து, எல்டிஎல்லைக் குறைப்பதற்காகப் பிசிஎஸ்கே9 என்ற மரபணுவை அணைக்க 2022இல் மனிதரில் முயன்றது. 2024 ஏப்ரலில் ஒருவருக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்து, தட்டணுக்கள் குறைய, அதோடு அந்த வடிவம் நிறுத்தப்பட்டது. பழி மரபணுக் கருவிமேல் விழவில்லை, துகளின் கொழுப்பின்மேல் விழுந்தது. துகளை மாற்றி மறுபடி வந்தார்கள். 2025 ஏப்ரலில் 14 பேரின் முடிவு வெளியானது. அதிக அளவு பெற்றவர்களுக்கு ஒரே ஊசியில் எல்டிஎல் சராசரியாக 53 சதவீதம் இறங்கியிருந்தது. மாரடைப்பு குறையுமா என்று சொல்ல 14 பேர் போதாது; ஆயிரக்கணக்கானவர்களும் பல ஆண்டுகளும் வேண்டும். ஆனால் அந்த அறிக்கையில் நின்ற சதவீதம் எத்தனை பிளாக் என்பதைச் சொல்லவில்லை.